ஒன்பதில் நின்ற முள்

தட்டாதீர்கள் சார். தட்டினால் முள் பயந்துபோய் உண்மையைச் சொல்லிவிடும் என்று நினைப்போ? இது போலீஸ் ஸ்டேஷன் இல்லை, மீட்டர். ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள், கண்ணாடியில் விரல் ரேகை விழக் கூடாது. அப்படித்தான்.

மூன்றும் இருக்கின்றன. இது பூஸ்ட் மீட்டர், டர்போ எவ்வளவு காற்றை எஞ்சினுக்குள் தள்ளுகிறது என்று சொல்லும். இது புகையின் சூட்டைச் சொல்லும். கடைசியாக இருப்பது ஆயில் பிரஷர், எஞ்சினுக்குள் எண்ணெய் என்ன அழுத்தத்தில் ஓடுகிறது என்று காட்டும். விளம்பரத்தில் 'மூன்று மாதமே உபயோகித்தது' என்று போட்டிருந்தேன். மூன்று மாதம் நான்கு நாள். அந்த நான்கு நாளையும் போட்டிருப்பேன், இடம் போதவில்லை.

காபி குடியுங்கள். நான் போட்டதுதான். சர்க்கரை குறைவு என்றால் சொல்லுங்கள், கூடுதல் என்றால் சொல்லாதீர்கள், திரும்ப எடுக்க முடியாது. வீட்டில் ஆள் இல்லை. என் மனைவி பூங்கொடி அவள் தம்பி வீட்டில் இருக்கிறாள், கோபியில். ஆறு வாரம் ஆகிறது. ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. நாகரிகம். ஆனால் ஈரோட்டிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள், வாங்கப்போகிற பொருளின் வரலாறு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாளைக்கு யாராவது 'இந்த மீட்டரால்தான் அந்த நாச்சிமுத்து வீட்டில்' என்று ஆரம்பித்தால் எனக்குச் சாட்சி சொல்ல ஓர் ஆளாவது இருக்கட்டும்.

நான் முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பத்தொரு வருஷம். கடைத் தராசு, எடைக்கல், பெட்ரோல் பங்க் பம்பு எல்லாவற்றையும் சோதித்து முத்திரை குத்துகிற உத்தியோகம். ராசிபுரம் சந்தைக்குள் என் ஜீப் நுழைந்தால் பாதிக் கடைகளில் தராசுமேல் துணி விழும். நான் நேராகப் போய்த் தட்டைத் திருப்புவேன். அடியில் புளி வைத்து ஒட்டிய இரும்புத் துண்டு இருக்கும். கடைக்காரன் அந்தப் புளியை வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்ப்பவன் போலப் பார்ப்பான். "யாருங்க ஒட்டுனது இதை?" என்று என்னையே கேட்பான். எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள், ஏதோ சங்கத்தில் கூடித் தீர்மானம் போட்ட மாதிரி. அளவு விஷயத்தில் என்னை ஏமாற்றியவன் இந்த ஜில்லாவில் கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, கணக்கில் வைத்துக்கொள்வதற்காகச் சொல்கிறேன்.

வண்டி என்னுடையது இல்லை. என் மச்சினன் லோகநாதனுடையது. லோகு. டர்போ டீசல், வாங்கி ஒன்றரை வருஷம். அவனுக்கு மஸ்கட்டில் கட்டட மேற்பார்வை வேலை, நான்கு மாத ஒப்பந்தம். போகும்போது வண்டியை இந்தப் போர்ட்டிகோவில் நிறுத்தினான். சாவியை என் கையில் கொடுக்கவில்லை, அவன் அக்கா கையில் கொடுத்தான். கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து, "வாரத்துல ஒரு நாள் ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிஷம் ஓட விட்டாப் போதுங்க மாமா. வேற ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க" என்றான். கேட்டைத் தாண்டும்போது திரும்பி, "வேற ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க" என்றான். அடக்கமானவன். எனக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று அவ்வளவு கவனம்.

முதல் வாரம் ஸ்டார்ட் செய்து உட்கார்ந்து டாஷ்போர்டைப் பார்த்தேன் சார். வேகத்துக்கு எண் இருக்கிறது. எஞ்சின் சூட்டுக்கு? கீழே ஓர் எழுத்து, குளிர். மேலே ஓர் எழுத்து, சூடு. நடுவில் ஒன்றுமே இல்லை. ஒரு மளிகைக்கடைக்காரன் 'கொஞ்சம்', 'நிறைய' என்று மட்டும் எழுதிய தராசை வைத்து வியாபாரம் செய்தால் நான் விட்டிருப்பேனா? அன்றைக்கே பறிமுதல். எண்ணெய்க்கு மீட்டரே கிடையாது. ஒரு சின்னச் சிவப்பு விளக்கு, எண்ணெய் அழுத்தம் விழுந்தால் எரியுமாம். டர்போ என்பது புகையில் சுழலுகிற விசிறி, நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும், எண்ணெய் ஒரு நிமிஷம் போகாவிட்டால் வெந்துவிடும். அதற்குக் காவல் ஒரு விளக்கு! லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு இதைத்தான் கொடுத்திருக்கிறார்கள். லோகு பாவம், அவனுக்கு இதெல்லாம் தெரியாது. ஊரில் இல்லாத நேரத்தில் செய்து வைத்தால் திரும்பி வந்து பார்த்து நெகிழ்ந்துபோவான் என்று நினைத்தேன். ஆன்லைனில் இந்த மூன்றையும் வரவழைத்தேன்.

சேலம் ரோட்டில் ஜாபர் என்று ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன். லாரி வயரிங்கில் கைகாரர் என்று பேர். பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "வண்டி உங்களுதுங்களா சார்?" என்றார்.

"மச்சினன் வண்டி பாய்."

"அவருக்குத் தெரியுமுங்களா?"

"வந்தாத் தெரிஞ்சிருமே."

"அப்ப அவரு வந்தப்புறமே போடலாமே சார்."

வேலை செய்யச் சோம்பல் என்றால் இப்படித்தான் பேச்சு வளரும். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கடைசியில் ஒப்புக்கொண்டார். வண்டியின் முன்கண்ணாடிக்குப் பக்கத்துத் தூணில் மூன்று துளை போட்டு மூன்று மீட்டரையும் வரிசையாக உட்காரவைத்தார். அந்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விமானம் தோற்றுவிடும்.

ஆயில் மீட்டரில்தான் விவாதம் வந்தது. அந்தச் சிவப்பு விளக்குக்கு எஞ்சினில் ஒரு சுவிட்ச் திருகியிருக்கும், நம் சென்சாரும் அதே துளையில்தான் போக வேண்டும். ஜாபர், "ரெண்டுக்கும் சேர்த்து ஒரு டி போட்டுத் தர்றேன் சார். கம்பெனி சுவிட்ச் ஒரு பக்கம், உங்க சென்சார் ஒரு பக்கம். ரெண்டும் இருக்கட்டும்" என்றார்.

"ஒரே கடையில ரெண்டு தராசு எதுக்கு பாய்? ஒண்ணு பொய் சொல்றதுக்கா?" என்றேன்.

"ரெண்டு இருந்தாத்தான் சார் எது பொய்யின்னு தெரியும்."

சிரித்தேன். எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர், அவரிடம் என்னத்தை வாதிடுவது? கம்பெனி சுவிட்சைக் கழற்றச் சொன்னேன். கழற்றினார். அந்த விளக்குக்குப் போகிற வயரை டேப் சுற்றி ஓரமாகக் கட்டினார். ஒரு பித்தளை அடாப்டரைத் திருகி, அதில் நம் சென்சாரைத் திருகினார். மரையில் ஏதோ பசை தடவினார், அவ்வளவுதான். "டேப் சுத்தலையா?" என்றேன், வீட்டுக் குழாய்க்குச் சுற்றுவார்களே, வெள்ளை டேப். "இதுக்குச் சுத்தக் கூடாதுங்க சார். சென்சாருக்கு எர்த் அந்த மரை வழியாத்தான் போகுது. நடுவுல டேப் வந்தா எர்த் கிடைக்காது, முள்ளு தப்பாக் காட்டும்" என்றார். அப்புறம் ஸ்டார்ட் செய்து காட்டினார். "மிதிச்சா ஏறணும், விட்டா இறங்கணும். ஆடிக்கிட்டே இருக்கணுமுங்க. என்னிக்கு இது ஆடாம நிக்குதோ அன்னிக்கு வண்டியை ஆஃப் பண்ணிட்டு எனக்கு ஒரு போன் போடுங்க."

எனக்கே முள்ளைப் பற்றிப் பாடம். கேட்டுக்கொண்டேன். பெரிய மனிதன் சின்ன மனிதன் பேச்சையும் கேட்க வேண்டும்.

இரண்டு வாரம் ஓட்டினேன். வாரத்தில் பத்து நிமிஷம் என்றான் லோகு. மீட்டர் போட்ட பிறகு பத்து நிமிஷத்தில் என்ன தெரியும்? தினமும் ஓட்டினேன். ஒரு நோட்டுப் போட்டேன், தேதி, நேரம், மூன்று மீட்டரின் அளவு. ஆனால் இந்த ஆயில் முள் என் உயிரை எடுத்தது. காலையில் ஆறு. சிக்னலில் நின்றால் ஒன்றரை. மிதித்தால் நாலரை. எதை எழுதுவது? ஒரு நிலையான புத்தி இல்லாத மீட்டர். இதில் ஒரு நாள் பூங்கொடி வாசல் தெளிக்க வந்தவள், "இங்க ஒரு சொட்டு எண்ணெய் கெடக்குதுங்க" என்றாள். ஒரே ஒரு சொட்டு, எட்டணா அகலம்.

பாயின் பசை லட்சணம் தெரிந்துவிட்டது. திரும்ப அவரிடம் போனால் திரும்பப் பசைதான் தடவுவார். ஹார்டுவேர் கடையில் வெள்ளை டேப் ஒரு சுருள் வாங்கினேன். பட்டப்பகலிலும் பானட்டுக்குள் ஆழத்தில் இருட்டாக இருக்கும், பூங்கொடியை டார்ச் பிடிக்கச் சொன்னேன். சென்சாரைக் கழற்றி, துடைத்து, பன்னிரண்டு சுற்று. ஒவ்வொரு சுற்றும் இழுத்துப் பிடித்து. பார்த்தால் கல்யாண மாலை நார் கட்டின மாதிரி இருந்தது.

"பாய் வேண்டாமின்னாராமே" என்றாள்.

"நீ லைட்டை ஆட்டாமப் பிடி."

பைப் ரெஞ்ச் போட்டு இறுக்கினேன். இறுகியது. இன்னும் அரைச் சுற்றுப் போட்டேன். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. சரியான இடத்தில் உட்கார்ந்தால் வருகிற சத்தம்.

சாவியைத் திருப்பினேன் சார். முள் எழுந்தது. ஒன்று, மூன்று, ஆறு என்று ஏறி, கடைசி எண்ணான ஒன்பதில் போய் நின்றது. ஆடவில்லை. அசையவில்லை. அந்த வண்டிக்கு முதன்முதலாக ஓர் ஒழுக்கம் வந்தது.

பூங்கொடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலீங்களே. அதுக்குள்ள ஒம்பது காட்டுது?"

"எண்ணெய் தயாரா இருக்குன்னு அர்த்தம்."

"மோட்டார் ஓடாமத் தண்ணி வருமுங்களா?"

அவள் அப்பா ரைஸ்மில் வைத்திருந்தவர். மெஷின் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள். அதனால் காது கொஞ்சம் மந்தமாக இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. விளக்கிச் சொல்ல நேரமில்லை. அன்றிலிருந்து நோட்டைப் பாருங்கள், உள்ளே அலமாரியில் இருக்கிறது: ஒன்பது, ஒன்பது, ஒன்பது. காலையில் ஒன்பது, சிக்னலில் ஒன்பது. ஒரு பக்கம் முழுக்க ஒன்பது. எந்தக் கம்பெனிக்காரன் வண்டியில் இப்படி ஓர் ஆரோக்கியம் பார்த்திருக்கிறீர்கள்?

இனி அந்த நாளுக்கு வருகிறேன். லோகு வருவதற்கு இரண்டு வாரம் இருந்தது. எனக்கு ஒரே குறை, சமதளத்தில் பூஸ்ட் மீட்டர் பாதிக்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. ஏற்றம் வேண்டும். கொல்லிமலை இருக்கிறது, எழுபது கொண்டை ஊசி வளைவு, கையெட்டும் தூரம். பூங்கொடியிடம் அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போகலாம் என்றேன். அதுவும் பொய் இல்லை, மலைக்கு மேல் கோயிலும் இருக்கிறது. அவளுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். எலுமிச்சை சாதம் கட்டினாள், மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டுச் சேலை உண்டு, அதைக் கட்டினாள். நாங்கள் இருவரும் எங்கும் சேர்ந்து போய் நாலைந்து வருஷம் இருக்கும் என்று அவள்தான் வழியில் சொன்னாள். நான் பூஸ்ட் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரவள்ளியில் ஏற ஆரம்பித்தோம். முள் எப்படி எழுகிறது என்கிறீர்கள்! இருபதாவது வளைவு வரை சொர்க்கம். அதற்கு மேல் ஒவ்வொருவராகக் கெடுக்க ஆரம்பித்தார்கள்.

முதலில் பூங்கொடி. "என்னமோ கருகுற வாசம் வருதுங்க."

மீட்டரைப் பார்த்தேன். ஒன்பது. "ஒம்பது காட்டுது" என்றேன்.

"வாசம் வருதுங்கறேன்."

"வாசத்துக்கு மீட்டர் கிடையாது."

அடுத்துப் பைக்கில் ஒருவன், மலைக்காரன், பின்னால் பலாப்பழம் கட்டியிருந்தான். பக்கத்தில் வந்து ஜன்னலைத் தட்டினான். "ஏனுங்க, ரோடு பூரா ஆயில் ஊத்திக்கிட்டே வருது பாருங்க!" எனக்கு முன்னால் போன லாரியாக இருக்கும் என்றேன். "லாரி ஒண்ணும் போகலீங்களே" என்றான். ரோட்டில் போகிறவனுக்கெல்லாம் நின்று பதில் சொன்னால் மலை ஏறின மாதிரிதான். மிதித்தேன்.

முப்பத்தெட்டாவது வளைவில் மறுபடியும் இவள். "எஞ்சினுக்குள்ள டக்டக்குன்னு அடிக்குதுங்க. நிறுத்துங்க. எங்கப்பா மில்லுல பேரிங் போறப்ப இப்படித்தான் அடிக்கும்."

"உங்கப்பா மில்லுல மீட்டர் இருந்துச்சா?"

இருந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

நாற்பத்து மூன்று. வளைவுக்கு வளைவு எண் எழுதி வைத்திருப்பார்கள், அதனால் துல்லியமாகச் சொல்கிறேன். திருப்பத்தில் பாதியில் வண்டி ஒரு தடவை இழுத்து, நின்றுவிட்டது. எஞ்சின் செத்துவிட்டது. ஸ்டீயரிங் கல் மாதிரி. பிரேக்கை மிதித்தேன், கட்டை மாதிரி இருந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், லோகு அதை ஒழுங்காக வைத்திருக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. வண்டி மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. பின்னால் ஒரு முழ உயரத்துக்குச் சுவர், அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

பூங்கொடி கதவைத் திறந்து குதித்தாள். மலை ரோட்டில் லாரிக்காரர்கள் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லை அங்கேயே போட்டுவிட்டுப் போவார்கள், வளைவுக்கு வளைவு கிடக்கும். ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து பின் சக்கரத்துக்கு அடியில் வைத்தாள். வண்டி நின்றது. கையை எடுக்கக் கொஞ்சம் தாமதித்துவிட்டாள். வலது கையில் இரண்டு விரல். அவசரப்பட்டால் அப்படித்தான்.

நான் மீட்டரைப் பார்த்தேன். நீங்கள் நம்ப வேண்டும் சார், அப்போதும் ஒன்பது! நோட்டை எடுத்து எழுதினேன். காலை பதினொன்று பத்து, வளைவு நாற்பத்து மூன்று, ஆயில் பிரஷர் ஒன்பது. பிற்பாடு யாராவது கேட்டால் ஆதாரம் வேண்டும் இல்லையா?

மேலிருந்து அரசு பஸ் ஒன்று இறங்கியது. கண்டக்டர் இறங்கி இவள் கையைப் பார்த்தான். துண்டைச் சுற்றிவிட்டு, "ஏறுங்கம்மா, சேந்தமங்கலம் ஆஸ்பத்திரியில இறக்கி விட்டுடறேன். நீங்களும் வாங்க சார்" என்றான். எப்படிப் போவது? அடுத்தவன் நம்பி ஒப்படைத்த வண்டி. நடு ரோட்டில் அநாதையாக விட்டுவிட்டு மனைவியோடு பஸ் ஏறிப் போனால் லோகு என்ன நினைப்பான்? பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதே. நான் வண்டியோடு இருந்தேன். பூங்கொடி படியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே போனாள். எலுமிச்சை சாதம் வண்டியிலேயே இருந்தது, மத்தியானம் சாப்பிட்டேன். அன்றைக்கு உப்பு கூடுதல்.

அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. பதினோரு நாள். தட்டு வரும், தண்ணீர் வரும், பேச்சு வராது. இடது கையால் சமைத்தாள், ருசியில் வித்தியாசம் தெரிந்தது, நான் குறை சொல்லவில்லை. லோகுவுக்கு அன்றைக்கே போன் பண்ணிச் சொல்லிவிட்டாள். அவன் என்னைக் கூப்பிட்டான். "அக்கா கை எப்படி இருக்குதுங்க மாமா?" என்றான். சொன்னேன். "வண்டி கெடக்குதுங்க, அக்காவைப் பார்த்துக்குங்க" என்றான். பாருங்கள், வண்டிக்கு மூன்று மீட்டர் வைத்திருக்கிறேன் என்று தெரிந்தும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மஸ்கட் வெயில் மனிதனை அப்படி ஆக்கிவிடும்.

வண்டியை லாரி வைத்துக் கட்டி இழுத்து வந்து போர்ட்டிகோவில் போட்டிருந்தேன். அதற்கு ஐந்து வருஷ உத்தரவாதம் இருந்தது. எழுதிப் போட்டேன், எஞ்சினில் உற்பத்திக் குறை என்று. பரிசோதிக்க ஆள் வருவதாகப் பதில் வந்தது. அது வந்த அன்று பூங்கொடி பேசினாள். சமையலறை வாசலில் நின்று, நான் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள் சார், எழுத்துக்கு எழுத்து சொல்கிறேன்:

"வர்ற ஆளு உங்க மேல தப்பில்லைன்னு எழுதிக் கொடுக்கட்டும், நான் இங்கயே இருக்கேன். இல்ல, தப்பு என் மேலதான்னு நீங்க உங்க வாயால ஒரு தடவை சொல்லுங்க. அப்பவும் இருக்கேன். ரெண்டும் இல்லைன்னா வியாழக்கிழமை லோகு வர்றான், அவன்கூடப் போயிருவேன்."

இரண்டில் ஒன்று. தெளிவான நிபந்தனை. எனக்கு நிம்மதியாகவே இருந்தது, ஏனென்றால் எழுத்தில் வாங்குவதுதான் என் தொழில்.

ஆள் வந்தார். டேவிட் என்று பேர், ஒல்லியாக, தூங்குகிற மாதிரி முகம். ஜாபர் பாயையும் வரவழைத்திருந்தேன், பொருத்தியவர் முன்னிலையில் சோதனை நடக்க வேண்டும் இல்லையா? டேவிட் சாவியைத் திருப்பினார். முள் எழுந்து ஒன்பதுக்குப் போனது. "எஞ்சின் ஜாம் ஆகி நிக்குது. ஆயில் பம்ப் சுத்தலை. ஆயிலே இல்லை. இது ஒம்பது காட்டுது" என்றார்.

"நல்ல மீட்டர்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு துண்டு வயரை எடுத்தார். ஒரு முனையைச் சென்சார் உடம்பில் வைத்து, மறுமுனையை எஞ்சின் இரும்பில் தொட்டார். முள் தொப்பென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. எடுத்தார், ஒன்பது. தொட்டார், பூஜ்யம். இரண்டு மூன்று தடவை செய்தார். சந்தையில் தட்டைத் திருப்பிக் காட்டுகிறபோது நானும் இப்படித்தான் இரண்டு மூன்று தடவை காட்டுவேன், கூட்டம் பார்க்கட்டும் என்று. இங்கே கூட்டம் இல்லை, வாசற்படியில் பூங்கொடி மட்டும் நின்றாள். பிறகு சென்சாரைக் கழற்றினார். பித்தளை அடாப்டர் நெடுக விரிசல் விட்டிருந்தது, எண்ணெய் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது என்றார். மரையிலிருந்து வெள்ளை டேப்பை நகத்தால் கிளப்பித் தூக்கிப் பிடித்தார். அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது.

"யாருங்க சுத்துனது இதை?" என்றார்.

நான் பொய் சொல்லவில்லை சார். "ஜாபர் பாய் கடையிலதான் பொருத்துனது" என்றேன். உண்மைதானே? பொருத்தியது அங்கேதான். டேப்பைப் பற்றித் தனியாகக் கேட்டார் என்பது வாஸ்தவம். நான் பொதுவாகப் பதில் சொன்னேன்.

ஜாபர் என்னைப் பார்த்தார். அப்புறம் வாசற்படியில் நின்றவளின் கைக்கட்டைப் பார்த்தார். பழைய துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "ஆமாங்க. நம்ம கடையில சுத்துனதுதான்" என்றார்.

அவரே ஒப்புக்கொண்டார்! நான் ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. அதற்குப் பிறகு சேலம் ரோட்டில் அவர் கடையைத் தாண்டும்போது என்னைப் பார்த்தால் உள்ளே போய்விடுகிறார். மனதில் உறுத்தல் உள்ளவர்களுக்குக் கூச்சம் இருக்கும், நான் அதைப் பெரிதுபடுத்துவதில்லை.

டேவிட் எழுதினார். வெளிக்கடையில் தவறாகப் பொருத்திய கருவியால் சேதம், உத்தரவாதத்தில் வராது. எஞ்சின் போனது போனதுதான். "போகட்டும், ஓட்டினவர் மேல தப்பில்லைன்னு ஒரு வரி சேர்த்துடுங்க" என்றேன். அதெல்லாம் எழுதுகிற வழக்கம் இல்லை என்றார். நான் கேட்டுக்கொண்டே அவரோடு அவர் ஜீப் வரைக்கும் போனேன். முக்கால் மணி நேரம். கடைசியில் பானட் மேல் வைத்து, 'ஓட்டியவர் மீது குறை காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, வட்டமாக ஒரு சீலும் குத்திக் கொடுத்தார். நல்ல அழுத்தமான சீல். ஓரம் எங்கும் கலையவில்லை.

கொண்டுபோய்ப் பூங்கொடியிடம் கொடுத்தேன். இடது கையால் வாங்கி வாசித்தாள். சீக்கிரம் வாசிப்பவள்தான், அன்றைக்கு நேரமெடுத்தது. திருப்பிக் கொடுத்தாள்.

"அன்னிக்கு டார்ச் பிடிச்சது நானுங்க" என்றாள்.

அவ்வளவுதான். உள்ளே போய்ப் பீரோவைத் திறந்தாள்.

இதில் எது நியாயம், நீங்களே சொல்லுங்கள். சொன்ன நிபந்தனை என்ன? எழுத்து வந்தால் இருப்பேன். எழுத்து வந்ததா? வந்தது, முத்திரையோடு. முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியவள் தன் வாயால் சொன்ன சொல்லிலிருந்து இப்படித் தவறலாமா? நான் அவளிடம் இதைக் கேட்டேன். இரண்டு மூன்று தடவை கேட்டேன். சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் மடித்தால் நேரமாகும், பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

வியாழக்கிழமை லோகு வந்தான். கோவை ஏர்போர்ட்டிலிருந்து நேராக ஒரு பழைய வாடகைக் காரில். இறங்கியதும் அக்கா கையைப் பிடித்து விரலைப் பார்த்தான். அப்புறம் போர்ட்டிகோவுக்குப் போய்த் தன் வண்டியைப் பார்த்தான். உள்ளே தலையை விட்டு அந்தத் தூணில் மூன்று மீட்டரும் இருந்ததைப் பார்த்தான். மறுவாரம் வண்டியை லாரியில் ஏற்ற ஆள் அனுப்பியபோது இவற்றைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டு என்னிடமே கொடுக்கச் சொன்னான், அந்த நல்ல புத்தி அவனிடம் உண்டு. அன்றைக்கு நான் டேவிட் எழுதிய பேப்பரைக் கொடுத்தேன். வாசித்தான். அக்காவைப் பார்த்தான். மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தான். "சரிங்க மாமா" என்றான்.

பை இரண்டும் டிக்கியில் ஏறிவிட்டது. பூங்கொடி பின் சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்தாள். கண்ணாடி இறங்கியிருந்தது. நான் ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். டிரைவர் எஞ்சினைப் போட்டான். லோகு அவன் தோளைத் தொட்டு, "இருங்கண்ணா, ஒரு நிமிஷம்" என்றான்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை சார் அந்தப் பார்வையில், அதைச் சொல்லிவிட வேண்டும். ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்கள் பார்ப்பார்களே, அந்த மாதிரி, பொறுமையாக. லோகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நிமிஷம் என்றானே தவிர ஒரு நிமிஷத்துக்கு மேலேயே ஆனது, நான் கடிகாரத்தைப் பார்த்தேன். எனக்கும் ஏதோ சொல்ல வேண்டும் போலத்தான் இருந்தது. வாய் வரைக்கும் வந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். குனிந்தபோது பின் டயர் கண்ணில் பட்டது.

"பின்னாடி டயர்ல காத்து கம்மியா இருக்குது. திருச்செங்கோட்டுல பார்த்துட்டுப் போங்க" என்று டிரைவரிடம் சொன்னேன்.

"சரிங்க" என்றான் அவன்.

பூங்கொடி இடது கையால் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கண்ணாடியை ஏற்றினாள்.